ஜமீன் அரண்மனைகளும் அவற்றைச் சுமந்த கிராமங்களும்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் அயன் சிங்கம்பட்டி என்றும் ஜமீன் சிங்கம்பட்டி என்றும் இரண்டு ஊர்கள் உள்ளன. முன்பின் அறியாதவர் இஃது ஏதோ பெயர் வேறுபாடு என்று எண்ணிக் கடந்துவிடுவர். ஆனால் அந்த இரண்டு முன்சொற்களுக்குள் தென் மாவட்டங்களின் நூற்றைம்பது ஆண்டு நில வரலாறு அடங்கியிருக்கிறது. அயன் என்றால் குடிகள் சர்க்காருக்கு நேரே தீர்வை செலுத்திய கிராமம். ஜமீன் என்றால் குடிகள் ஜமீன்தாருக்கு வாரம் அளக்க, ஜமீன்தார் சர்க்காருக்குப் பேஷ்குஷ் கட்டிய கிராமம். ஒரு கிராமத்தின் கண்மாய் யாருடையது, மேய்ச்சல் நிலம் யாருடையது, பழைய கச்சேரிக் கட்டடத்தில் பஞ்சாயத்து உரிமை பாராட்டலாமா என்னும் கேள்விகள் எழும்போதெல்லாம், அந்த ஊர் அயனா, ஜமீனா என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஜமீன் அரண்மனைகளின் வரலாற்றைப் பொழுதுபோக்குக் கதையாக அன்றி, நமது கிராமத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் இங்கே பார்ப்போம்.

கோட்டையாக இருந்தது மாளிகையான விதம்

மதுரையில் 16 ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டைப் பாளையங்களாகப் பகுத்தனர். அவற்றின் தொகை எழுபத்திரண்டு என்பது வழக்கு. பாளையக்காரர் படை திரட்ட வேண்டும், காடு திருத்த வேண்டும், காவல் புரிய வேண்டும், விளைவில் ஒரு பங்கை மதுரைக்குச் செலுத்த வேண்டும். அவர் வாழ்ந்த இடம் வீடு என்பதைவிட அரண் என்பதே பொருந்தும். மண்ணும் வைக்கோலும் பிசைந்து எழுப்பிய பருத்த மதில், சுற்றிலும் முள்வேலி, கொத்தளங்கள், உள்ளே ஓட்டு வீடும் கூரை வீடுமாகச் சில கட்டடங்கள், நடுவே குலதெய்வக் கோயில் என்பனவே பெரும்பாலான பாளையங்களின் தலைமையிடம்.

பாஞ்சாலங்குறிச்சியை யாவரும் அறிவர். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இடிக்கப்பட்ட கோட்டையை ஊமைத்துரையும் அவரைச் சேர்ந்தவர்களும் 1801 இல் மிகச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினர். மண் மதிலாக இருந்ததனால்தான் அவ்வளவு விரைவில் எழுப்ப முடிந்தது. பீரங்கிக் குண்டுகளை விழுங்கிக்கொண்டு நின்றதும் அந்த மண்ணே. 1801 மே மாதத்தில் கர்னல் அக்னியூ அதனைப் பிடித்தபின், தரைமட்டமாக்கிய இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்று மக்கள் சொல்லி வருகின்றனர். சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களின் சிறுவயல் அரண்மனையும் அதே ஆண்டில் எரிந்தது. மருதிருவர் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

அதே ஆண்டு டிசம்பர் முதல் நாளில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும், கோட்டைகள் இடிக்கப்படும். அமைதியாக இருப்போருக்கு நிரந்தரத் தீர்வையின்மேல் நிலம் உறுதி செய்யப்படும் என்பதே அதன் சாரம். 1802 ஆம் ஆண்டின் 25 ஆவது ரெகுலேஷன் அந்த வாக்கைச் சட்டமாக்கியது. 1803 இல் இராமநாதபுரத்தில் மங்களேசுவரி நாச்சியாருக்கும், சிவகங்கையில் கௌரி வல்லபப் பெரிய உடையணத் தேவருக்கும், இன்னும் பல பாளையக்காரருக்கும் நிரந்தர சனதுகள் வழங்கப்பட்டன. நேற்றுவரை வாளேந்தியவர் இன்று வரி தண்டுபவரானார். மதிலும் கொத்தளமும் வேண்டாத பொருள்களாயின. அதற்குப்பின் கட்டப்பட்டவை கோட்டைகள் அல்ல, மாளிகைகள். இன்று நாம் 'அரமனை' என்று பேச்சில் சொல்லும் கட்டடங்களுள் மிகுதியானவை இந்தப் பிற்காலத்தைச் சேர்ந்தவையே.

இதற்கு விலக்கான பழைய கட்டடங்களும் உண்டு. இராமநாதபுரத்தில் உள்ள இராமலிங்க விலாசம் கிழவன் சேதுபதியின் காலத்தது. அவர் 1710 இல் காலமானார். அதன் சுவர்களிலுள்ள ஓவியங்கள் அவருக்குப்பின் வந்த முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தவை. இராமாயணக் காட்சிகளும், தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், ஐரோப்பியரைச் சேதுபதி சந்திக்கும் காட்சியும் அங்கே தீட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

களத்திலிருந்து களஞ்சியத்துக்கு

ஜமீன் அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பவர் தர்பார் மண்டபத்தையும் தேக்குத் தூண்களையும் கண்டு வியப்பது இயல்பு. விவசாயி பார்க்க வேண்டிய இடம் வேறு. தலைவாசலைத் தாண்டியதும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் கச்சேரி இருக்கும். அங்கே கணக்கர்கள் பட்டாவும் முச்சலிக்காவும் எழுதினர். அதற்குப் பின்னால் களஞ்சியம். வாரமாக வந்த நெல்லும் கம்பும் சோளமும் அங்கே குவிந்தன. கச்சேரியும் களஞ்சியமுமே அரண்மனையின் வேர். தர்பார் மண்டபம் அதன் பூ.

வார முறை எவ்வாறு நடந்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு குடியின் களத்தில் 40 கலம் நெல் பொலியாகக் குவிந்திருக்கிறது என்று கொள்வோம். தச்சர், கொல்லர், நீர்பாய்ச்சுவோர் முதலிய ஊர்ப் பணியாளருக்கான சுதந்தரம் 4 கலம் கழிந்தால் மிஞ்சுவது 36 கலம். சரிபாதி வாரமாயின் மேல்வாரம் 18 கலம் அரண்மனைக்கும், குடிவாரம் 18 கலம் குடிக்கும் சேரும். விதை, எரு, மாடு, ஆள்கூலி யாவும் குடியின் பங்கிலிருந்தே. காகிதத்தில் இது நேர்மையான பங்கீடாகவே தோன்றும். இன்னல் நடைமுறையில் இருந்தது. அரண்மனை ஆள் வந்து பொலியை மதிப்பிட்டு, முத்திரை எடுக்கும்வரை குடி தன் நெல்லில் ஒரு பிடியும் தொட இயலாது. அவர் வரத் தாமதித்து, இடையில் மழை பெய்தால் இரு பங்கும் முளைத்துப் போகும். எனினும் அரண்மனைப் பங்கு குறையாது. இதனால்தான் 'வாரத்தைப் பணமாக மாற்றிக் கொடுங்கள்' என்னும் கோரிக்கை குடிகளிடையே நெடுங்காலம் இருந்தது.

இந்த வருவாய் முழுவதும் வீண் செலவாயிற்று என்று சொல்வது நியாயமன்று. உதாரணத்துக்கு எட்டயபுரத்தைப் பார்ப்போம். முத்துசாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் அந்த அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்து 1835 இல் அங்கேயே காலமானார். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904 இல் எட்டயபுரம் சமஸ்தானத்தின் துணையால் அச்சேறியது. 1882 இல் பிறந்த சுப்பிரமணியனுக்குப் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்ததும் அவ்வூர் அவையிலேதான். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரைப் போற்றி வைத்திருந்தார். பாஸ்கர சேதுபதி சுவாமி விவேகானந்தரின் 1893 ஆம் ஆண்டு சிகாகோப் பயணத்துக்கு ஊக்கமளித்தார். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். இவை யாவும் நமது பெருமைகளே. அவற்றின் செலவு எந்தக் களத்துமேட்டிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பதுதான் நாம் சொல்வது.

வழக்கும் கடனும்

சனது பெற்ற ஜமீன்களைச் சர்க்கார் தின்றதைவிட வழக்குகள் தின்றது மிகுதி. பெரும் ஜமீன்கள் பாகம் பிரிக்கப்படாமல் மூத்தவருக்கே செல்வது வழக்கம். மற்றவருக்கு ஜீவனாம்சம் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு தலைமுறை மாற்றத்திலும் ஒருவருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை என்னும் நிலை. சிவகங்கையின் முதல் ஜமீன்தார் 1829 இல் காலமானதும் தொடங்கிய உரிமைப் போர், அவருடைய மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1863 இல் தீர்ப்பளிக்கும்வரை முப்பத்துநான்கு ஆண்டுகள் நீடித்தது. இத்தனை ஆண்டுகளும் குடிகள் எந்தக் கையில் வாரம் அளப்பது என்று தெரியாமல் திகைத்திருப்பர் என்பதை ஊகிக்க அறிவு மிக வேண்டியதில்லை.

வழக்கிட்டவர் கடன் வாங்கினர். கடன் கொடுத்தவர் கிராமங்களைக் குத்தகைக்குப் பெற்றனர். குத்தகைக்காரர் நாலைந்து ஆண்டுகளில் தம் முதலை எடுத்துவிட முனைந்தனர். அவர் கண்மாய்க் கரையில் ஒரு கூடை மண் போடுவாரா? ஜமீன்தார் சிறுவராயின் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்னும் காப்பு நிர்வாகம் வந்தது. அதன் ஆட்சியில் கணக்கு ஒழுங்குபட்டது, கடன் ஓரளவு அடைந்தது என்பது உண்மை. பட்டத்துக்கு வந்தவர் மீண்டும் கடன்பட்டதும் உண்மையே. கடனுக்கு ஜமீன் முழுதும் ஏலம் போகாமல் காக்க 1904 இல் பாகம் பிரிக்கலாகாத எஸ்டேட்டுகள் சட்டம் பிறந்தது.

சிங்கம்பட்டியில் நடந்தது இவ்வகையில் தனிச் சிறப்புடையது. வழக்குச் செலவால் நெருக்குண்ட அந்த ஜமீன், மேற்குத் தொடர்ச்சி மலையில் தனக்கிருந்த காட்டில் 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பை 1929 இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அவ்வாறு உண்டானவையே.

கண்மாயும் அரண்மனையும்

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஆறுகள் வற்றியிருக்கும் காலமே நீண்டது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்கு நீர். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று இராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றி மக்கள் சொல்வது வீண் பெருமையன்று. இத்தகைய சங்கிலித் தொடரில் மேலே ஒரு கரை உடைந்தால் கீழே பத்து ஊர் பாழாகும். ஆகவே இதனைத் தனி ஓர் ஊர் பேண இயலாது. மேலே ஓர் அதிகாரம் தேவை. ஜமீன் முறையில் அந்த அதிகாரம் அரண்மனை. வாரம் விளைவின் பங்காக இருந்த காலத்தில் கண்மாய் பெருகினால் அரண்மனைக்கும் இலாபம் உண்டு. ஆதலால் நல்ல ஜமீன்தார் கரையைக் கவனித்தார். கவனியாத ஜமீன்தாரைக் கேட்பாரில்லை.

1908 ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் இந்நிலையை முதன்முறையாக மாற்ற முயன்றது. குடி தன் கைவசமுள்ள ரயத்து நிலத்தில் நிலையான உரிமை பெற்றான். அதனை விற்கவும் மக்களுக்கு விடவும் முடிந்தது. தானிய வாரத்தைப் பணமாக மாற்றிக் கேட்க வழி ஏற்பட்டது. பாசன ஏற்பாடுகளைப் பழுதுபார்க்கத் தவறும் ஜமீன்தாரின்மேல் கலெக்டரிடம் முறையிடவும் இடமுண்டாயிற்று. ஆயினும் ஏழைக் குடி ஒருவன் அரண்மனைக்கு எதிராக மனுப் போட்டுவிட்டு, மறுநாள் அதே ஊரில் வாழ வேண்டியிருந்தது என்பதைச் சட்டம் எழுதியோர் போதிய அளவு கருதவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1948 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது என்ன?

பிரகாசம் பந்துலு தலைமையில் அமைந்த குழு 1938 இல் அறிக்கை தந்தது. 1947 ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் கிராமங்களின் வாரத்தை அண்டை அயன் கிராமங்களின் தீர்வையை ஒட்டிக் குறைத்தது. 1948 ஆம் ஆண்டின் 26 ஆவது சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. 1949 முதல் ஒவ்வோர் எஸ்டேட்டாக அறிவிக்கை வெளியிடப்பட்டுச் சர்க்கார் வசமாயிற்று. சிங்கம்பட்டி 1952 இல் வந்தது.

பஞ்சாயத்து அங்கத்தினர் இச்சட்டத்தின் மூன்று செய்திகளை மனத்தில் இருத்துவது நலம்.

நிலங்களுள் ரயத்து நிலங்களுக்குக் குடிகள் ரயத்துவாரிப் பட்டா பெற்றனர். ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலங்களுக்கு அவரே பட்டா பெற்றார். பின்னர் 1961 ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டமும், உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைத்த 1970 ஆம் ஆண்டுத் திருத்தமும் அவற்றைத் தொட்டன. பொது நிலங்கள், புறம்போக்கு, மேய்ச்சல் தரை, காடு, சுரங்கம், ஆறு, ஓடை, கண்மாய், மீன்பாசி, பரிசல் துறை யாவும் சர்க்காரைச் சேர்ந்தன. ஜமீன்தார் அதற்குமுன் யாருக்கோ எழுதிக் கொடுத்தார் என்று ஓலையோ பத்திரமோ காட்டி மேய்ச்சல் தரையை அடைக்க வருபவரை எதிர்கொள்ளும்போது, முதலில் எஸ்டேட் ஒழிப்புக்குப் பிந்திய செட்டில்மெண்டுப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேடு அதன் வழித்தோன்றலே.

கட்டடங்களைப் பற்றிச் சட்டம் நுட்பமான ஒரு வேற்றுமை செய்தது. எஸ்டேட் நிர்வாகத்துக்கான அலுவலகமாக மட்டுமே பயன்பட்ட கட்டடம் சர்க்காருக்கு. மற்றவை எவர் உடைமையாக இருந்தனவோ அவருக்கே. இதன்படி அரண்மனை ஜமீன் குடும்பத்தின் தனிச்சொத்தாக நின்றது. கிராமத்துத் தனிக் கச்சேரி சர்க்காருடையதாயிற்று. 'ஜமீன் ஒழிந்தது, ஆகவே அரண்மனை ஊருக்குச் சொந்தம்' என்று சில ஊர்களில் இளைஞர் பேசுவதுண்டு, சட்டம் அவ்வாறில்லை. அதுபோலவே 'கச்சேரியும் எங்களுடையதே' என்று யாரேனும் சொன்னால் அதனையும் ஆராயாமல் ஏற்க வேண்டியதில்லை.

நஷ்டஈடு ஜமீனின் நிகர வருவாயை அடிப்படையாகக் கொண்டு, சிறியவருக்கு மிகுதியாகவும் பெரியவருக்குக் குறைவாகவும் கணிக்கப்பட்டது. அடிப்படை ஆண்டுத் தொகை 1,000 ரூபாய்க்கு மேற்படாதாயின் அதன் 30 மடங்கு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டால் 12½ மடங்கு. பெருந்தொகை என்று தோன்றலாம். ஆனால் அது பட்டத்தாரிடம் முழுமையாகச் சேரவில்லை. கடன்காரர், ஜீவனாம்ச உரிமையாளர், மக்கள் என்று பலரும் அதில் பங்கு பெற்றனர். அரண்மனை மட்டும் அப்படியே நின்றது; அதனைப் பேணும் களஞ்சியம் காலியாயிற்று. அறுபது அறைகளும் நான்கு முற்றங்களும் கொண்ட ஒரு கட்டடத்தை ஒரு குடும்பம் தன் சம்பளத்தில் ஓடு மாற்றிக் காக்க முடியுமா? பல அரண்மனைகள் சரிந்ததன் காரணம் குடும்பத்தாரின் அசட்டை அன்று, இந்த எளிய கணக்கே.

சுவர் சரிவது எங்ஙனம்?

இக்கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. மேல்தளம் தேக்கு அல்லது பனை உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டது. அழிவு எப்போதும் மேலிருந்தே தொடங்குகிறது. தளத்தில் ஒரு விரிசல். அதில் பறவை போட்ட ஆல் அல்லது அரச விதை. அதன் வேர் வழியே மழைநீர். உத்தரத்தின் சுவருக்குள் புதைந்த நுனி உளுத்துப் போதல். பிறகு ஒரு கார்த்திகை மழையில் தளம் முழுதும் இறங்குதல். செடியை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு களைந்து, விரிசலைச் சுண்ணாம்பாலேயே அடைக்க வேண்டும்.

பழைய கச்சேரியைப் பள்ளியாகவோ நூலகமாகவோ பயன்படுத்தும் ஊர்கள் நல்லெண்ணத்தால் செய்யும் ஒரு கேடு உண்டு. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசுவதே அது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மையது; சிமெண்டு பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பலகையாகப் பெயர்ந்து, பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்றும் தென் மாவட்டங்களில் இருக்கின்றனர். கோயில் திருப்பணிகளே அவர்களுக்கு வேலை கொடுத்து வருகின்றன. அவர்களைத் தேடி அழைப்பது பஞ்சாயத்துக்கு இயலாத காரியமன்று.

புதிய பயனால் பிழைத்த கட்டடங்களும் உள. புதுக்கோட்டை ஜமீன் அன்று, தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 இல் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது, அங்கிருந்த புதிய அரண்மனை கலெக்டர் அலுவலகமாயிற்று. நாள்தோறும் மனுவோடு வரும் மக்கள் அந்தப் படிகளில் ஏறுகின்றனர். பாஞ்சாலங்குறிச்சியில் பழைய கோட்டை மீளவில்லை. அரசு 1974 இல் நினைவுக் கோட்டை ஒன்றைக் கட்டியது.

கண்மாய்களுக்கு வருவோம். ஜமீன் ஒழிப்பின்போது சர்க்கார் வசமான கண்மாய்கள் இன்றும் பதிவேடுகளில் 'முன்னாள் ஜமீன் கண்மாய்' என்றே தனியே குறிக்கப்படுகின்றன. அவற்றுள் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியப் பொறுப்பிலும், பெரியவை பொதுப்பணித் துறையிலிருந்து வளர்ந்த நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. ஒரே சங்கிலியில் மேல் கண்மாய் ஒரு துறையிடமும் கீழ்க் கண்மாய் மற்றொன்றிடமும் இருப்பது இதனால் நேர்ந்ததே. வரத்துக்கால் தூர்ந்தால் மனு எந்த அலுவலகத்துக்கு என்று தெரியாமல் ஒரு பருவமே கழிந்துவிடுகிறது. தத்தம் கண்மாயின் வரத்துக்கால் எந்தக் கண்மாயின் மறுகாலில் தொடங்குகிறது, வழியில் எந்தெந்த ஊராட்சிகளின் எல்லையைக் கடக்கிறது, அவற்றின் சர்வே எண்கள் எவை என்பதை ஒரு தாளில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருப்பது கோடைக்குள் முடிக்கக்கூடிய வேலை. ஒரு காலத்தில் அரண்மனைக் கணக்கர் வைத்திருந்த தாள் அது.

சிங்கம்பட்டிக் காட்டின் குத்தகை ஜமீன் ஒழிந்தபின்னும் சர்க்காரின்கீழ் தொடர்ந்தது. தேயிலைக் கம்பெனி 2024 இல் அங்கிருந்து விலக முற்பட்டபோது, நான்கு தலைமுறைகளாக அந்த மலையில் கொழுந்து பறித்த தொழிலாளர் குடும்பங்கள் எங்கே குடியேறுவது என்னும் கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. 1929 இல் எழுதப்பட்ட அந்தக் குத்தகையின் 99 ஆண்டுகள் 2028 இல் நிறைவெய்துகின்றன.